அரிய புற்றுநோய்க்கு மரபணு நிபுணர் குழு: கோலாலம்பூரிலும் பினாங்கிலும் அமைத்து நடத்துவதற்கான முழுமையான வழிகாட்டி

செந்தூலைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் ஒரு நாள் காலை, 31 பக்க மரபணுப் பரிசோதனை அறிக்கையை மடிப்புக் கலையாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துவந்தார். தொடையில் சார்கோமா, அதாவது தசை, கொழுப்பு, எலும்பு போன்ற திசுக்களில் தோன்றும் புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்தும் நுரையீரலுக்குப் பரவிவிட்டது. குடும்பத்தார் நகையை அடகு வைத்து, கட்டியின் திசுவை வெளிநாட்டு ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தார்கள். அறிக்கையின் முதல் பக்கத்தில் மூன்று மருந்துகளின் பெயர்கள் பச்சைக் கட்டத்துக்குள் அச்சாகியிருந்தன. "மிஸ்ஸி, இந்த மூன்றில் எது எனக்கு?" என்று கேட்டார். பதினான்கு ஆண்டுகள் தாதியாக வேலை பார்த்திருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் தெரியவில்லை. தனி ஒருவர் சொல்லிவிடக்கூடிய பதிலும் அன்று அது.

இப்போது அத்தகைய கேள்விகளுக்கென்றே கூடும் ஒரு குழுவை ஒருங்கிணைக்கிறேன். புற்றுநோய் மருத்துவர், நோயியல் நிபுணர், மரபணு அறிஞர், மருந்தாளர் எல்லோரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒரு நோயாளியின் கட்டியில் உள்ள மாற்றங்களை வாசித்து, அதிலிருந்து சிகிச்சைக்கு ஏதேனும் வழி பிறக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. இப்படியொரு குழுவைத் தொடங்க நினைக்கும் மருத்துவர்களுக்கும் தாதியருக்கும் நோயாளர் அமைப்பினருக்கும் இதை எழுதுகிறேன். நான் கற்றதில் முதன்மையானது இது: கூட்டம் நடக்கும் அந்த ஒரு மணி நேரத்தைவிட, அதற்கு முந்தைய மூன்று வாரங்களும் பிந்தைய மூன்று மாதங்களும்தான் நோயாளியின் கதியை முடிவு செய்கின்றன. பல இடங்களில் கூட்டத்தைச் சிறப்பாக நடத்துகிறார்கள். முன்னும் பின்னும் கோட்டை விட்டுவிடுகிறார்கள்.

அரிதென்றால் எவ்வளவு அரிது?

ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 6 பேருக்கும் குறைவாக வருவதை ஐரோப்பாவில் அரிய புற்றுநோய் என்கிறார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகத்தின் வரம்பு 15 பேர். ஐரோப்பிய அளவை மலேசியாவின் ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் மக்கள்தொகைக்குப் பொருத்திப் பாருங்கள். நாடு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 2,000 பேருக்கும் குறைவாக வரும் எந்த வகையும் அரியதுதான். பினாங்கு மாநிலத்துக்கு மட்டும் கணக்கிட்டால் அந்த எண்ணிக்கை நூறைச் சற்றே தாண்டும். அதுவும் உச்சவரம்புதான், சில சார்கோமா வகைகளை ஒரு மருத்துவர் தம் பணிக்காலம் முழுவதிலும் நான்கைந்து முறைதான் பார்ப்பார்.

தனித்தனியே அரியவை என்றாலும், எல்லாவற்றையும் கூட்டினால் சிறு தொகையாக இல்லை. ஐரோப்பாவில் கண்டறியப்படும் புற்றுநோய்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் அரிய வகைகள்தாம். மலேசியத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டில் 2012 முதல் 2016 வரை பதிவான புதிய நோயாளிகள் 115,238 பேர். அதே விகிதம் இங்கும் பொருந்துமானால், அந்த ஐந்தாண்டுகளில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் அரிய புற்றுநோயோடு மருத்துவமனை வாசலில் நின்றிருக்கிறார்கள்.

முதல் படி: ஆட்களைச் சேர்ப்பது

நிலையான உறுப்பினர்களாக ஆறு பேர் போதும்: புற்றுநோய் மருத்துவர், நோயியல் நிபுணர், மூலக்கூறு ஆய்வக அறிஞர், மருத்துவ மரபியல் நிபுணர் அல்லது மரபணு ஆலோசகர், மருந்தாளர், ஒருங்கிணைப்பாளர். அறுவை மருத்துவரையும் கதிரியக்க நிபுணரையும் நோயாளியைப் பொறுத்து அழைத்துக்கொள்ளலாம். இருபது பேரைப் பட்டியலில் போட்டுக் கூட்டத்துக்கு ஐந்து பேர் வருவதைவிட, ஆறு பேரைப் போட்டு ஆறு பேரும் வருவது மேல். நோயியல் நிபுணரும் மரபியல் தெரிந்தவரும் இல்லாத நாளில் கூட்டத்தையே ஒத்திவையுங்கள். மருந்தாளரைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஆனால் பரிந்துரைக்கும் மருந்து நாட்டுக்குள் கிடைக்குமா என்பதை அவரால்தான் சொல்ல முடியும்.

மரபியல் மருத்துவர்கள் மலேசியாவில் மிகச் சிலர்தான். அதனால்தான் பினாங்கு நண்பர்கள், "நாங்கள் தனியாக ஒரு குழு தொடங்கட்டுமா?" என்று கேட்கும்போது வேண்டாம் என்கிறேன். கோலாலம்பூரில் ஒரு அரைகுறைக் குழு, பினாங்கில் இன்னோர் அரைகுறைக் குழு என்று வைத்துக்கொண்டால், அரிய நோயில் அனுபவம் சேர்வதற்கே வழியில்லாமல் போகும். பினாங்குப் பெருமருத்துவமனையில் இருக்கும் நோயாளியை அங்குள்ள மருத்துவரே காணொலி வழியாகக் கோலாலம்பூர்க் குழுவிடம் எடுத்துச் சொல்லட்டும். நோயாளி 350 கிலோமீட்டர் பயணம் செய்ய வேண்டாம். திசுவைப் பதித்து வைத்திருக்கும் மெழுகுக்கட்டியும் படங்களும் வந்தால் போதும். பினாங்கில் கட்டாயம் இருக்க வேண்டியவர் ஓர் ஒருங்கிணைப்பாளர். அந்த நாற்காலியை மட்டும் காலியாக விடாதீர்கள்.

இரண்டாம் படி: யாரை அனுப்புவது, எப்போது அனுப்புவது

அரிய வகை நோய், அல்லது எங்கே தொடங்கியது என்றே தெரியாத நோய், அல்லது வழக்கமான சிகிச்சை முடியப்போகும் நிலை: இவர்களே குழுவுக்கு உரியவர்கள். நோயாளி எழுந்து நடமாடித் தம் வேலைகளைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருப்பது முக்கியம். மருத்துவர்கள் இதை ஈகாக் அளவுகோலில் 0 முதல் 2 வரை என்பார்கள்.

இங்கே நடக்கும் பெருந்தவறு காலதாமதம். எல்லா மருந்தும் தோற்று, நோயாளி படுக்கையில் விழுந்த பிறகு, "சரி, மரபணுவையும் பார்த்துவிடுவோம்" என்று அனுப்புகிறார்கள். திசு போய் அறிக்கை வரவே பல வாரங்கள் ஆகும். மருந்தை வரவழைக்க இன்னும் பல வாரங்கள். இரண்டாவது சிகிச்சை தொடங்கும்போதே அனுப்பிவிடுங்கள். பரிந்துரை கையில் இருந்தால், அந்தச் சிகிச்சை பலிக்காத நாளில் அடுத்த கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அனுப்புமுன் இன்னொன்று. நோயின் பெயர் சரிதானா என்று அந்த வகையில் பழகிய நோயியல் நிபுணர் ஒருவர் திசு ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளை மறுபடி பார்க்க வேண்டும். சார்கோமாவில் பெயரே மாறிப்போவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். சில வேளைகளில் மரபணுவே பெயரைத் திருத்தும். எஸ்.எஸ்.18 என்ற மரபணு எஸ்.எஸ்.எக்ஸ். மரபணுவோடு ஒட்டியிருந்தால் அது சைனோவியல் சார்கோமா. ஈ.டி.வி.6 மரபணுவும் என்.டி.ஆர்.கே.3 மரபணுவும் ஒட்டியிருப்பது உமிழ்நீர்ச் சுரப்பியின் சுரப்புவகைப் புற்றுநோய்க்கு அடையாளம். பெயர் தவறாக இருக்கும்போது மருந்தைப் பற்றிப் பேசுவதெல்லாம் வீண்.

மூன்றாம் படி: சம்மதம் கேட்பது

படிவத்தில் கையெழுத்து வாங்குவது ஐந்து நிமிட வேலை. சம்மதம் கேட்பது அப்படியன்று.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் "மரபணுப் பரிசோதனை செய்யலாமா?" என்று கேட்டேன். முகம் இறுகிவிட்டது. நெடுநேரம் கழித்து, "இது பரம்பரையா? என் மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்றார். மரபணு என்ற சொல்லின் முதல் பாதியைத்தான் அவர் கேட்டிருந்தார்: மரபு. குடும்பத்தின் மேல் ஒரு கறை விழப்போகிறது என்று அஞ்சினார். அன்றிலிருந்து நான் வேறு மாதிரி தொடங்குகிறேன். "உங்கள் உடம்பில் பிறந்த நாளிலிருந்து இருக்கும் எழுத்து ஒன்று. கட்டி வளரும்போது அதற்குள் மட்டும் விழுந்த எழுத்துப் பிழை இன்னொன்று. நாங்கள் தேடுவது இரண்டாவதை. தேடும்போது முதலாவதிலும் ஒரு பிழை கண்ணில் படலாம். பட்டால் சொல்லட்டுமா, வேண்டாமா?" இப்படிக் கேட்டால் புரிந்துகொள்கிறார்கள். அந்த அம்மா மறுநாள் மகளையே உடன் அழைத்துவந்து, "சொல்லுங்கள்" என்றார்.

ஆக, மூன்று கேள்விகளைத் தனித்தனியே கேட்டுத் தனித்தனியே கையெழுத்து வாங்குங்கள்: கட்டியைச் சோதிக்கலாமா? பிறவியிலேயே உள்ள மாற்றம் தெரியவந்தால் உங்களுக்கும் குடும்பத்துக்கும் சொல்லலாமா? பெயரை நீக்கிவிட்டு விவரங்களை மற்ற குழுக்களோடு பகிரலாமா? மூன்றையும் ஒரே கையெழுத்துக்குள் அடக்குவது நியாயமில்லை. படிவம் மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டும் இருந்தால், தோட்டப்புறத்தில் வளர்ந்த பெரியவர்கள் தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். தமிழிலும் சீனத்திலும் படிவம் தயார் செய்யுங்கள். பள்ளிச் சீருடையில் நிற்கும் பேரனை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். தாத்தாவின் நோய் முற்றிவிட்டது என்பதை அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைப்பது கொடுமை.

2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நல விவரங்களை நுண்ணுணர்வுத் தரவு என்று வகைப்படுத்துகிறது. அச்சட்டம் மத்திய, மாநில அரசுகளுக்குப் பொருந்தாது. தனியார் மருத்துவமனைகளுக்குப் பொருந்தும். அரசு மருத்துவர்களும் தனியார் மருத்துவர்களும் ஒரே காணொலியில் அமரும் குழுவாக இருந்தால், கடுமையான விதி எதுவோ அதையே எல்லோரும் பின்பற்றுவதென முதல் கூட்டத்திலேயே எழுதி வையுங்கள். புலனத்தில் (வாட்ஸ்அப்) நோயாளியின் பெயரோடு அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பும் பழக்கத்தை அன்றோடு நிறுத்துங்கள்.

நான்காம் படி: திசு

இந்தப் படியில்தான் அதிகமான நோயாளிகளை இழக்கிறோம். யாரும் கவனிக்காத இடம் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

வெட்டியெடுத்த திசுவை 10 சதவீத நடுநிலை ஃபார்மலினில் போடுகிறோம். 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் அது அதில் ஊற வேண்டும். குறைந்தால் திசு பதப்படாது. கூடினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகும், ஃபார்மலினே பொய்யான எழுத்து மாற்றங்களை உண்டாக்கிவிடும். இப்போது நாள்காட்டியைப் பாருங்கள். சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தைப்பூசம், தீபாவளி. நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலை எடுத்த திசு, ஆய்வகம் திறக்கும் வரை ஐந்து நாள் புட்டியிலேயே கிடக்கும். ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த மூன்று மாதிரிகள் அடுத்தடுத்துப் பரிசோதனைக்கு உதவாமல் போனபோது, தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். மூன்றும் விடுமுறைக்கு முந்தைய நாள் எடுத்தவை. அவசரமில்லாத திசு எடுப்பை விடுமுறைக்குப் பிறகு வையுங்கள். அவசரமென்றால், திசுவைப் பதப்படுத்த ஆள் இருக்கிறாரா என்று முதலில் கேட்டுவிட்டு ஊசியைக் கையில் எடுங்கள்.

எலும்பிலிருந்து எடுத்த திசுவை மென்மையாக்க அமிலத்தில் போட்டால் டி.என்.ஏ. பாழாகும். ஈ.டி.டி.ஏ. கரைசலில் போடச் சொல்லுங்கள். நாள் கூடுதலாகும், ஆனால் பரிசோதனைக்கு உதவும். இதைக் கோரிக்கைப் படிவத்தில் எழுதினால் போதாது. ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்தும் சொல்ல வேண்டும்.

அடுத்து, எந்த மெழுகுக்கட்டியை அனுப்புவது? எங்கள் நோயியல் நிபுணர் இதைச் செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நுண்ணோக்கியில் சில்லை நகர்த்தி நகர்த்தி, இறந்த திசுவையும் அழற்சி அணுக்களையும் ஒதுக்கிவிட்டு, உயிருள்ள புற்றணுக்கள் செறிந்த இடத்தைக் கண்டதும் சில்லைக் கையில் எடுத்துப் பேனாவால் ஒரு சிறு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குள் இருப்பதை மட்டும்தான் ஆய்வகம் சுரண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலான பரிசோதனைகளுக்குப் புற்றணுக்களின் பங்கு 20 சதவீதமாவது வேண்டும். வட்டம் போடாமல் மெழுகுக்கட்டியை முழுதாக அனுப்பினால், "மாற்றம் எதுவும் இல்லை" என்று அறிக்கை வரக்கூடும். உண்மையில் அங்கே தேடவே இல்லை.

டி.என்.ஏ.யின் செய்தியைப் படியெடுக்கும் ஆர்.என்.ஏ.யையும் எடுக்கச் சொல்லுங்கள். சார்கோமா போன்ற நோய்களில் இரண்டு மரபணுக்கள் ஒட்டிக்கொள்ளும் இணைவே முக்கியச் செய்தி. டி.என்.ஏ.யை மட்டும் பார்த்தால் பல இணைவுகள் தப்பிவிடும்.

திசுவோடு நோயாளியின் இரத்தத்தையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வேன். மலேசியர்களுக்கு அதற்குத் தனிக் காரணமே உண்டு. உலகப் பொது மரபணுத் தரவுத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரின் பதிவுகளே மிகுதி. நம் தமிழரிடமும் மலாய்க்காரரிடமும் ஓராங் அஸ்லி மக்களிடமும் இயல்பாகவே இருக்கும் மாற்றங்கள் பல அவற்றில் ஏறவில்லை. கட்டியை மட்டும் சோதித்தால், பிறவியிலேயே இருந்த தீங்கற்ற மாற்றம்கூடக் கட்டியில் விழுந்த பிழைபோல் தோன்றும். கட்டியின் மொத்த மாற்ற எண்ணிக்கையும் பொய்யாக உயர்ந்து, மாற்றம் மிகுந்த கட்டிகளுக்கான நோய் எதிர்ப்பாற்றல் சிகிச்சை உதவாதவருக்கும் பரிந்துரைக்கப்படும். இரத்தத்தை ஒப்பிட்டுக் கழித்தால் இந்தக் குழப்பம் பெரிதும் தீரும்.

திசுவே கிடைக்காதபோது இரத்தத்தில் மிதக்கும் கட்டி டி.என்.ஏ.யைப் பார்க்கலாம். ஆனால் வயதானவர்களின் இரத்த அணுக்களிலேயே டி.என்.எம்.டி.3ஏ, டெட்2 போன்ற மரபணுக்களில் மாற்றங்கள் தோன்றியிருக்கும். அவற்றைக் கட்டியின் மாற்றம் என்று நினைத்து மருந்து தேடக் கூடாது.

ஐந்தாம் படி: எந்தப் பரிசோதனை

விலை குறைந்ததிலிருந்து தொடங்குங்கள். டி.என்.ஏ. படியெடுக்கும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்களுக்கான சாயமேற்றும் பரிசோதனை பல ஆய்வகங்களில் உள்ளூரிலேயே கிடைக்கும். அந்தப் புரதங்கள் இல்லாவிட்டால் பெம்புரோலிசுமாப் என்ற நோய் எதிர்ப்பாற்றல் மருந்து உதவக்கூடும். எந்த உறுப்பில் தொடங்கியதென்று பாராமல் ஒரு மரபணு அடையாளத்துக்காக அமெரிக்கா ஒப்புதல் அளித்த முதல் மருந்து அதுதான், 2017 மே மாதம். என்.டி.ஆர்.கே. இணைவுக்கும் சாயப் பரிசோதனை உண்டு. ஆனால் தசை, நரம்புத் தன்மை கொண்ட கட்டிகளில் அது பொய்யாக நிறம் காட்டும், ஆர்.என்.ஏ. பார்த்து உறுதி செய்யாமல் நம்பக் கூடாது. இவற்றில் விடை கிடைக்காதபோது சில நூறு மரபணுக்களை ஒருசேரப் பார்க்கும் தொகுப்புக்குப் போகலாம். முழு மரபணுத்தொகுதியையும் வாசிப்பது ஆராய்ச்சிக்கு நல்லது. சம்பளத்தில் வாழும் குடும்பத்தின் பணத்தில் அதைச் செய்யச் சொல்லாதீர்கள்.

ஆறாம் படி: ஒரு பக்கத் தாள்

கூட்டத்துக்கு மூன்று நாள் முன்னதாக, ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரே ஒரு பக்கம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். வயது, நோயின் பெயர், அதை உறுதி செய்த நோயியல் நிபுணர் யார், இதுவரை நடந்த சிகிச்சைகள், ஒவ்வொன்றும் எத்தனை மாதம் பலன் தந்தது, இப்போதைய உடல்நிலை, குடும்பத்தில் யாருக்கெல்லாம் புற்றுநோய், மரபணு மாற்றங்கள், இவற்றோடு தாளின் தலைப்பில் ஒரு வரிக் கேள்வி. அனுப்பும் மருத்துவர் அந்த ஒரு வரியை எழுதாவிட்டால் நான் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவேன். "ஏதாவது செய்ய முடியுமா?" என்பது கேள்வியாகாது. "கீமோ தொடங்குவதா, எஃப்.ஜி.எஃப்.ஆர்.2 இணைவுக்கான மாத்திரைக்கு முயல்வதா?" என்பது கேள்வி.

மாற்றங்களைத் தரம் பிரிப்பது ஆய்வக அறிஞரின் வேலை. 2017இல் மூன்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட நான்கு அடுக்கு முறையும், ஐரோப்பியப் புற்றுநோய் மருத்துவ அமைப்பான எஸ்மோ 2018இல் கொண்டுவந்த எஸ்கேட் அளவுகோலும் பரவலாகப் பயன்படுகின்றன. ஏதேனும் ஒன்றைத் தேர்ந்துகொண்டு அதிலேயே நில்லுங்கள். நியூயார்க் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தின் ஆங்கோகேபி, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான சிவிக் போன்ற தரவுத்தளங்களில் குறைந்தது இரண்டையாவது ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஆய்வக அறிக்கையின் முதல் பக்கத்துப் பச்சைக் கட்டத்தை மட்டும் நம்பி யாரும் கூட்டத்துக்கு வரக் கூடாது.

ஏழாம் படி: கூட்டம்

மாதம் இருமுறை, ஒரு மணி நேரம், நான்கு நோயாளிகள். அதற்கு மேல் எடுத்தால் கடைசி நோயாளிக்கு எட்டு நிமிடம்தான் மிஞ்சும். அவரும் ஒரு மனிதர். சிகிச்சை அளிக்கும் மருத்துவர் நோயாளியைப் பற்றி முதலில் பேசட்டும். பிறகு நோயியல் நிபுணர், ஆய்வக அறிஞர், மரபணு ஆலோசகர், மருந்தாளர். தலைவர் கடைசியில் வாய் திறக்கட்டும். அவர் முதலில் பேசிவிட்டால் இளையவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். நம் ஊர்களில் இது இன்னும் அதிகம்.

மாற்றம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது, ஆகவே கொடுத்துவிடலாம் என்ற அவசரத்தை உடைப்பதே குழுவின் முதல் கடமை. இரண்டு எடுத்துக்காட்டுகளைப் புதிய உறுப்பினர்களுக்கு எப்போதும் சொல்வேன். பிராஃப் மரபணுவின் வி600இ மாற்றம் மெலனோமா என்ற தோல் புற்றுநோயில் இருந்தால், அதைத் தடுக்கும் மாத்திரை கட்டியை வேகமாகச் சுருக்கும். அதே மாற்றம் பெருங்குடல் புற்றுநோயில் இருந்தால், அதே மாத்திரை தனியாக ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை. இன்னொரு மருந்தும் துணைக்கு வேண்டும். எழுத்து ஒன்றுதான், உறுப்பு மாறியதும் பொருளும் மாறிவிட்டது. அடுத்தது, ஜிஸ்ட் என்ற குடல்சுவர்க் கட்டி. கிட் மரபணுவில் மாற்றம் உள்ள பெரும்பாலோருக்கு இமாட்டினிப் உயிர் காக்கும் மருந்து. பி.டி.ஜி.எஃப்.ஆர்.ஏ. மரபணுவில் டி842வி மாற்றம் உள்ளவருக்கு அது பலிக்காது. அவர்களுக்கென அவாப்ரிட்டினிப் 2020 ஜனவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மரபணுவின் பெயர் தெரிந்தால் போதாது, எந்த எழுத்து என்பதும் தெரிய வேண்டும்.

முடிவைக் கூட்டத்திலேயே திரையில் தட்டச்சு செய்து எல்லோரும் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். கருத்து வேறுபாடு இருந்தால் அதுவும் பதிவாகட்டும். பொருள் தெரியாத மாற்றங்களுக்கு மருந்து பரிந்துரைக்காதீர்கள். "இப்போதைக்கு இலக்கு மருந்து இல்லை" என்பதும் குழுவின் முறையான முடிவுதான். அதைத் தயங்காமல் எழுதுங்கள். ஒரு குடும்பம் தன் வீட்டை விற்காமல் இருக்க அந்த ஒரு வரி உதவும்.

எட்டாம் படி: மருந்து கைக்கு வரும்வரை

ஜெர்மனியில் அரிய புற்றுநோயாளிகளுக்கும் இளவயது நோயாளிகளுக்கும் நடத்தப்படும் மாஸ்டர் திட்டத்தின் முடிவுகள் 2021இல் வெளியாயின. ஆராயப்பட்டவர்கள் 1,310 பேர். பரிந்துரைத்த சிகிச்சை உண்மையில் கிடைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத்தான். வசதி படைத்த ஜெர்மனியிலேயே இந்த நிலை. ஆகவே பரிந்துரை எழுதியதும் கோப்பை மூடாதீர்கள். வேலை அங்கேதான் தொடங்குகிறது.

பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் பதிவுப் பட்டியலில் மருந்து இருக்கிறதா என்று மருந்தாளர் கூட்டத்துக்கு முன்பே பார்த்து வைத்திருப்பார். இருந்தும் வேறு நோய்க்கு மட்டும் பதிவாகியிருக்கலாம். பதிவே இல்லையென்றால், குறிப்பிட்ட நோயாளிக்காகச் சுகாதார அமைச்சின் சிறப்பு அனுமதி பெற்று வரவழைக்க வேண்டும். அதற்கான கடிதத்தை, குழுவின் முடிவையும் ஆதாரத்தையும் இணைத்து, அதே வாரத்தில் எழுதுங்கள். மருந்து நிறுவனங்களின் கருணைத் திட்டங்களுக்கும் அதே கடிதம் பயன்படும். மருந்து ஆய்வு ஏதேனும் நடக்கிறதா என்று சுகாதார அமைச்சின் கீழ் இயங்கும் கிளினிக்கல் ரிசர்ச் மலேசியாவிடமும் கேளுங்கள்.

பணத்தைப் பற்றிப் பேச வெட்கப்படக் கூடாது. ஊழியர் சேமநிதியின் சேமிப்பிலிருந்து புற்றுநோய் சிகிச்சைக்குப் பணம் எடுக்க வழி உண்டு. தேசியப் புற்றுநோய் மன்றமான மாக்னா, சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதி ஆகியவற்றுக்கும் விண்ணப்பிக்கலாம். நோயாளியின் மகனோ மகளோ நான்கு இடங்களுக்கு அலைவதற்குப் பதிலாக, மருத்துவமனையின் சமூகநலப் பணியாளரை முதல் நாளிலேயே அழைத்து உட்கார வையுங்கள்.

இதோடு கூடவே, வலி தணிப்புப் பராமரிப்பும் நடக்க வேண்டும். 1991 முதல் கிள்ளான் பள்ளத்தாக்கில் பணியாற்றிவரும் ஹோஸ்பிஸ் மலேசியாவின் பெயரைச் சொன்னாலே, "கைவிட்டுவிட்டீர்களா?" என்று சில குடும்பத்தார் அழுவார்கள். மருந்துக்காகக் காத்திருக்கும் நாள்களில் மூச்சுத் திணறலையும் வலியையும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் படி: குடும்பம்

இளம் வயதில் சார்கோமா வந்தவருக்கு டி.பி.53 மரபணுவில் பிறவியிலேயே மாற்றம் இருப்பது இரத்தத்தில் தெரியவந்தால், அவருடைய பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது இருக்க 50 சதவீத வாய்ப்பு உண்டு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மாற்றமானால் உடன்பிறந்தாருக்கும் அதே வாய்ப்பு. மரபணு ஆலோசகர் குடும்ப மரம் வரைந்து, யாரைச் சோதிக்க வேண்டும் என்று சொல்வார். முடிவைத் தொலைபேசியில் சொல்லாதீர்கள். நேரில், அமைதியான அறையில், குடிக்கத் தண்ணீர் வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

பத்தாம் படி: கணக்கு வைப்பது, மறுபடி பார்ப்பது

ஒரு ஏடு போதும். நோயாளி அனுப்பப்பட்ட நாள், திசு கிடைத்த நாள், அறிக்கை வந்த நாள், கூட்டம் நடந்த நாள், மருந்தின் முதல் மாத்திரையை விழுங்கிய நாள். எந்த இடைவெளி நீள்கிறதோ அங்கேதான் கோளாறு. திசு உதவாமல் போன எண்ணிக்கையையும் எழுதுங்கள். பலனை அளக்க ஓர் எளிய வழி உண்டு: புதிய சிகிச்சை நோயைக் கட்டுப்படுத்திய காலத்தை, அதற்கு முந்தைய சிகிச்சை கட்டுப்படுத்திய காலத்தால் வகுங்கள். 1.3 மடங்குக்கு மேல் வந்தால் பலன் உண்டு என்று பல ஆய்வுகளில் கொள்கிறார்கள். அரிய நோயில் ஒப்பிட வேறு நோயாளிகள் இல்லாதபோது, நோயாளியை அவரோடேயே ஒப்பிடும் முறை இது.

பழைய கோப்புகளை ஆண்டுக்கு ஒருமுறை திறக்க வேண்டும். ரெட் மரபணு இணைவு நுரையீரல், தைராய்டு தவிர்த்த கட்டிகளில் இருந்தால் 2020இல் கைவசம் உறுதியான ஒப்புதல் கிடையாது. 2022 செப்டம்பரில் அமெரிக்கா செல்பர்காட்டினிப் மருந்தை எந்த உறுப்பாயினும் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. 2020இல் "இல்லை" என்று எழுதிவிட்டுக் கோப்பை மூடிய குழு, அந்த நோயாளியைத் திரும்ப அழைத்திருக்காது.

செந்தூல் ஓட்டுநரின் அறிக்கையை எங்கள் குழு பார்த்தபோது, பச்சைக் கட்டத்திலிருந்த மூன்று மருந்துகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஒன்று, பிறவியிலேயே இருந்த தீங்கற்ற மாற்றத்துக்கானது. மற்ற இரண்டுக்கும் சார்கோமாவில் ஆதாரம் கிடையாது. ஆனால் சில்லுகளை மறுபடி பார்த்ததில் நோயின் பெயர் மாறியது. அந்த வகைக்குப் பொருத்தமான கீமோ, உள்ளூரிலேயே கிடைப்பது, தொடங்கப்பட்டது. முடிவைச் சொல்ல அவரையும் மனைவியையும் அழைத்தேன். ஒரு பக்கத் தாளைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அப்படியென்றால் அந்த 31 பக்கம்?" என்று கேட்டார். அதைப் பத்திரமாக வைத்திருக்கச் சொன்னேன். அடுத்த மார்ச் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமைக்கு நேரே அவருடைய கோப்பு எண்ணை ஏட்டில் எழுதியிருக்கிறேன். அன்று அந்த 31 பக்கமும் மறுபடி மேசைக்கு வரும்.